தூதனுக்குப் பேச வரவில்லை

மாரிராஜுக்குத் திக்குவாய் என்பது விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் பாதிப் பேருக்குத் தெரியாது. இயந்திர இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை. கையைக் காட்டுவார்கள், கண்ணைக் காட்டுவார்கள், வேலை நடந்துவிடும். வெளியே வந்தால்தான் சிக்கல். ‘அம்பாசமுத்திரம்’ என்று கேட்க வாய் வராமல், அதற்கு அடுத்த ஊரான கல்லிடைக்குறிச்சிக்குச் சீட்டு வாங்கி முன்னாலேயே இறங்கிக்கொள்வான்.

அவனைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போனவள் பள்ளித் தோழி சங்கரி. அங்கே பெனோ என்பவனின் வீட்டு மாடியில், ஞாயிறு மதியங்களில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கற்பனை ராஜ்யமொன்றில் வாழ்வார்கள். கதையை நடத்துவது பெனோ. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து, நினைத்தது நடந்ததா இல்லையா என்று பெனோ சொல்வான். ரசீத் மந்திரவாதி. அரிசிப் பையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும் சங்கரி, கோட்டைக் கதவைத் தோளால் பெயர்க்கும் வீராங்கனை. மாரிராஜ் யோசிக்கவே இல்லை. நாவரசன் என்று ஒரு தூதனை உண்டாக்கி, தனக்குக் கிடைத்த புள்ளிகளில் பெரும்பங்கைப் பேச்சுத் திறனில் கொட்டினான்.

“நாவரசன் கொள்ளக்காரங்களச் ச... சமாதானம் பண்ணுதான்” என்று சொல்லிப் பகடையை உருட்டுவான். கொள்ளைக்காரர்கள் கத்தியைக் கீழே போடுவார்கள். அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையை நினைத்தே மற்ற நாட்களைத் தள்ளினான்.

தை பிறந்து ஒரு ஞாயிறு, பெனோ புது உற்சாகத்தில் இருந்தான்.

“இனிமே பேச்சுக்குப் பகடை கிடையாதுலே. பேசிக் காட்டணும். அப்பதான் ஆட்டத்துக்கு உயிரு வரும். மாரி, நீ அரசி முன்னால நிக்க. சிறையில கெடக்க எங்காளை விட்டுருங்கன்னு கேளு பாப்போம்.”

சங்கரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாரிராஜ் எழுந்துவிட்டான். நாவரசனாக நின்றால் ஒருவேளை வந்துவிடும் என்று அவனுக்கே ஓர் ஆசை இருந்தது.

“அ... அ... அ...”

அரசி என்ற சொல் தொண்டையிலேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பெனோ அரசியின் குரலை வரவழைத்துக்கொண்டு, “என்ன தூதரே, நாக்கு சுளுக்கிக்கொண்டதோ?” என்றான். ஆட்டத்தின் வேகத்தில் வந்த வார்த்தைதான். ரசீத் சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் மாரிராஜின் முகத்தைப் பார்த்தான்.

மாரிராஜ் உட்கார்ந்தான். காப்பி வந்ததும், வயிறு சரியில்லை என்று சைகை காட்டிவிட்டுப் படியிறங்கினான்.

பஸ்ஸில் வரும்போது, சொல்லியிருக்க வேண்டியது மனசுக்குள் தங்குதடையில்லாமல் ஓடியது. ‘சங்கரிய அந்த மேசையத் தூக்கிக் காட்டச் சொன்னியாலே? ரசீத்த நெருப்பக் கக்கச் சொன்னியா? என்னைய மட்டும் ஏன்?’ அதன்பின் யார் போன் செய்தாலும் அவன் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பெனோ பைக்கில் வீட்டுக்கே வந்தான். மாரிராஜ் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தங்கை கலையரசியிடம் கையை ஆட்டினான்.

“அண்ணன் மில்லுக்குப் போயிருக்காங்க” என்றாள் அவள்.

“வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க. ஒரு விஷயம். நேர்லதான் சொல்லணும்.”

பைக் சத்தம் தேயும்வரை மாரிராஜ் அசையவில்லை. அன்றைக்கு அது ஜெயித்ததுபோலத்தான் இருந்தது. ராத்திரிச் சோறுகூட ருசித்தது.

மறுவருஷம் அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் சங்கரியைப் பார்த்தான். கல்யாணமாகித் திசையன்விளைக்குப் போயிருந்தாள்.

“நீ போனதும் நான் பெனோட்ட கேட்டேன், மாரி. என்னைய இந்த மேசையத் தூக்கச் சொல்லுவியா, அவன மட்டும் ஏன் பேசச் சொல்லுதன்னு. அப்படியே தலையில கையவச்சு உக்காந்துட்டான். மறுவாரமே மாத்திட்டான். என்ன கேக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும், எப்படிக் கேட்டான்ங்கிறதப் பகடை பாத்துக்கிடும்னான். அதச் சொல்லத்தான் ஒங்க வீட்டுக்கு வந்தான்.”

மாரிராஜ் கேட்டான், “இ... இப்ப?”

“இப்ப என்ன. பெனோ நியூசிலாந்து போயிட்டான். ரசீத் கத்தார்ல. நீ வருவன்னு கதைய அரசி சபையிலயே நிறுத்தி வச்சிருந்தோம். பெறகு அப்படியே விட்டுப்போச்சு.”

“ஏன் எ... என்ட்ட நீ சொல்லல?”

“எத்தன தடவ போன் போட்டேன். எடுத்தியா?”

அவளுடைய பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

தான் பஸ்ஸில் தனக்குள்ளேயே சொல்லித் தீர்த்ததை, அதே வேளையில் அவள் அந்த மாடியில் அவனுக்காக வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். பெனோ அதை ஒத்துக்கொண்டு, மன்னிப்போடு அவன் வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். அவன்தான் கதவைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பெனோவுக்குக் குரல்பதிவு ஒன்று பேசினான். ‘அன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன்’ என்ற ஒரே வரி. திக்கித் திக்கி வெகுநேரம் ஆயிற்று. அழிக்காமல் அனுப்பினான்.

மறுநாள் காலையில் பெனோவின் குரலிலேயே பதில் வந்திருந்தது.

“ஒங் குரலக் கேட்டதே போதும்லே. நானும் இன்னொரு தடவ வந்திருக்கணும். ஒருநா எல்லாரும் சேந்து ஆடுவோம். நேரம்தான் ஒத்துவரணும்.” பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அது நடக்காது என்று மாரிராஜுக்குத் தெரியும். பெனோவுக்கும் தெரிந்திருக்கும். எதையோ தட்டச்சு செய்து, அதை அழித்துவிட்டு, ‘சரிலே’ என்று மட்டும் அனுப்பினான்.