சொல்லாத விண்ணப்பம்

“கவுண்டி நிர்வாகம் வரி போட்டு நோயாளிகளுக்கு வேன் ஓட்ட ஆரம்பிச்சா, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு உடம்பு சரியில்லைன்னாலும் நாம ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்குவோம்.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா, டெல்பர்ட்?”

“நம்ம சர்ச் சபை வேன் சும்மாதானே நிக்குது? நான் ஓட்டுறேன்.”

“சாகிற வரைக்குமா?”

“கர்த்தர் போதும்னு சொல்ற வரைக்கும்.”

சில வருடங்களுக்கு முன் சமையலறையில் பேசியது. அன்று அவர் மனைவி நடீன் சிரித்தாள். அவளும் அந்த வரிக்கு எதிராகத்தான் வாக்களித்தாள். ஊர்க்கூட்டத்தில் டெல்பர்ட் எழுந்து, “அயலானை நேசின்னு கட்டளை கொடுத்தது எனக்கு. அதைக் கவுண்டி ஆபீசுக்குத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை” என்றபோது, அந்தக் கான்சாஸ் கோதுமை விவசாயிகள் மேசையைத் தட்டிய சத்தம் வெளியே வரை கேட்டது. வரி தோற்றது. டெல்பர்ட்டும் சொன்ன சொல் தவறாமல் ஓட்டினார்.

இன்று புதன்கிழமை. சிறுநீரகம் கெட்டுப்போன வில்மாவுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நாள். கிழவிக்கு நடக்கத் தெம்பில்லை என்று நடீனும் துணைக்குச் சபை வேனில் ஏறியிருந்தாள்.

“உன் புருஷன் ஓட்டுறதுக்கு ஆமையே தேவலை,” என்றாள் வில்மா பின்சீட்டிலிருந்து. “போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குப் புதுச் சிறுநீரகமே முளைச்சிடும்.”

நடீன் சிரித்துக்கொண்டே முன்னால் பார்த்தாள். அறுவடை இயந்திரம் ஒன்று, வீடு போல உயரமாக, சிவப்பாக, சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் வேகத்தைக் குறைக்கவில்லை.

“டெல்பர்ட்!”

அவர் அசையவே இல்லை. நடீன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வேன் குலுங்கி, சாலையோரப் புல்லில் சாய்ந்து நின்றது. வில்மாவின் கைப்பை உருண்டு மாத்திரைகள் சிதறின.

“என்ன அது?” என்று கேட்டார் டெல்பர்ட்.

அந்தக் கேள்வியைத்தான் நடீனால் தாங்க முடியவில்லை. ‘எங்கிருந்து வந்தது’ என்று கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

“என்ன அதுவா? அடேய், ஒரு வீடே ரோட்டுல போகுது, உனக்குத் தெரியலையா?” வில்மாவின் குரல் உடைந்தது.

டெல்பர்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “நடுவுல ஒண்ணும் தெரியல, நடீன். புகை மாதிரி இருக்கு. ஓரம் மட்டும்தான் தெரியுது. ரோட்டுக் கோட்டை ஓரக்கண்ணால பார்த்துத்தான் ஓட்டுறேன்.”

“எவ்வளவு நாளா?”

“போன குளிர்காலத்துலேருந்து.”

போன குளிர்காலத்திலிருந்துதான் அவர் நடீனை நேராகப் பார்ப்பதை விட்டிருந்தார். பேசும்போதெல்லாம் பார்வை அவள் காதோரம் போய் நிற்கும். தன் முகம் அவருக்கு அலுத்துவிட்டது என்று எத்தனை முறை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாள்!

“அதனாலதான் என்னைப் பார்க்கிறதில்லையா?”

“உன் முகம் தெரியணும்னா உன் காதைத்தான் பார்க்கணும்,” என்றார் அவர். “காதைப் பார்த்தா, முகம் கொஞ்சம் தெரியும்.”

நடீன் இறங்கிச் சுற்றி வந்து அவரை அந்தப்பக்கம் நகரச் சொன்னாள். அவளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

“ஏன் சொல்லல?”

“நவம்பர்ல வரியை மறுபடி வாக்குக்கு விடுறாங்க. நான் வண்டியை நிறுத்திட்டேன்னு தெரிஞ்சா, பாத்தியா, சபையை நம்பினா இப்படித்தான்னு சிரிப்பாங்க. என் பேச்சு பொய்யாயிடும்.”

“வில்மாவைக் கொன்னா மெய்யாயிடுமா?”

“என்னை ஏன் இழுக்கிறீங்க? நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்,” என்றாள் வில்மா, மாத்திரைகளைப் பொறுக்கியபடி.

“சபை பார்த்துக்கும்னுதானே சொன்னே? நீ ஒருத்தன்தான் சபையா?” நடீனின் குரல் கிறீச்சிட்டது. “சபைக்காரங்ககிட்ட நீ ஒரு தடவையாவது உதவி கேட்டியா?”

அவர் தடவிப் பார்த்து சீட்பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

மாலை ஜெபக்கூட்டத்தில் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும், போதகர் கைல் வழக்கம்போல யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று விண்ணப்பங்களைக் கேட்டார். வெளியில் சொல்ல விரும்பாதவர்கள் கையை மட்டும் தூக்கினால் போதும்; அதற்குப் பெயர் ‘சொல்லாத விண்ணப்பம்’. யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். குளிர்காலத்திலிருந்து டெல்பர்ட் வாராவாரம் அப்படித்தான் தூக்கினார். பக்கத்திலேயே நடீனும் தூக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

இன்று நடீன் கையைத் தூக்கவில்லை. டெல்பர்ட்டின் கை மட்டும் மெல்ல உயர்ந்தது.

“சொல்லாத விண்ணப்பம்தானே, பிரதர் டெல்பர்ட்?” போதகர் அடுத்த வரிசைக்குத் திரும்பினார்.

“இல்ல.” டெல்பர்ட் எழுந்தார். முன்வரிசை நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டார். “சொல்லணும். எனக்குக் கண்ணு போயிடுச்சு. இன்னிக்கு வில்மாவைக் கொன்னுருப்பேன்.” யாருடைய கையிலிருந்தோ கரண்டி விழுந்தது. அவர் நடீனின் காதோரம் பார்த்தார். பிறகு எல்லோர் பக்கமும் திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிட்டுப் போங்க. போறப்ப என்னையும் கண் டாக்டர்கிட்ட விட்டுடுங்க.”