பெய்யாத மழையின் அளவு

காலை எட்டு மணிக்கு மழைமானியின் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்து எண்ணைப் பார்ப்பவள் நான். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுபவர் அப்பா. மூன்று வருடமாக இப்படித்தான். அப்பாவின் கண்கள் இரண்டிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. நீர்ப்பாசன ஆபீசுக்குத் தெரிந்தால் மதகுக்காரர் வேலை போகும். காஜா பெராங்கில் நாங்கள் குடியிருக்கும் வீடும் அதோடு போகும். ஆறாம் வகுப்போடு அவர் என்னை நிறுத்தியது அதற்காகத்தான். எனக்குப் பெரிய வருத்தமில்லை. வகுப்பில் எழுந்து பதில் சொல்வதைவிட இது எளிது.

"இன்னைக்கு எவ்வளவு?"

"சுழிப்பா."

"இருபது நாளா சுழியா? இவன் எழுந்துபோய்ப் பாக்கவே இல்லன்னுல்ல நினைப்பானுங்க! போன வருஷம் இதே தேதிக்கு என்ன போட்டோம்?"

"முப்பத்தஞ்சு பாயிண்ட்."

"அப்ப முப்பது போட்டுக்கலாம்."

நூறு பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். போன வருடத்து முப்பத்தைந்தும் அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து எழுதியதுதான். அது அப்பாவுக்கு மறந்துவிட்டது. உண்மையான எண்களை நான் பழைய கணக்கு நோட்டில் எழுதி வந்தேன். கூட்டிப் பார்த்தபோது வருட மொத்தம் அவ்வளவாகக் குறையவில்லை. குறைந்திருந்தவை மழை நாட்கள். ஒரே இரவில் நான்கு அங்குலம் கொட்டும். அதன்பின் நாற்பது நாள் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த இடைவெளி வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டிருந்தது. ஆபீசுக்குப் போன அட்டைகளில் மட்டும் மழை ஒழுங்காகப் பெய்தது.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா முடிந்து வந்த பிப்ரவரியில் ஆபீசிலிருந்து ஜெயபாலன் சார் மோட்டார் சைக்கிளில் வந்தார். வேலிக்கு அப்பால் கம்போங் செட்டி கிராமத்துச் சீதா அக்கா நின்றிருந்தாள். அவளுடைய வயல் எங்கள் மதகுத் தண்ணீரில் விளைவது.

"உங்கப்பா மழையைப் பெட்டியில பூட்டி வெச்சிட்டாரா? சாவியைக் குடு, பொண்ணு," என்று தன் வீட்டுப் பேச்சான மலாயில் கேட்டுச் சிரித்தாள்.

ஜெயபாலன் சார் அட்டைகளைப் புரட்டினார். "நம்ம நாடு இப்ப நம்ம கையில. இனி வருஷத்துக்கு ரெண்டு போகம். மார்ச்சுல மழை தவறாம வருதுன்னு உங்க அட்டையே சொல்லுது, கலியாணசுந்தரம். அணையில தண்ணியைச் சேத்து வெச்சு என்ன செய்யப் போறோம்? திங்கக்கிழமை மதகைத் தொறந்துடுங்க. மார்ச் அட்டையும் இப்படியே வந்தா மேல் வயலுக்கும் நாத்து விடச் சொல்லிடுவேன்."

"சரி சார்," என்றார் அப்பா, சார் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து.

மழை இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சார்..." என்றேன்.

"என்னம்மா?"

"தேத்தண்ணி கொண்டாரட்டா?"

திங்கட்கிழமை மதகு திறந்தது. சீதா அக்கா சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லையும் எடுத்து விதைத்துவிட்டாள். அணையில் நட்டிருந்த அளவுப் பலகையைத் தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்பது அடி. ஆறடி. நாற்று நட்ட வாரத்தில் இரண்டரை. பிறகு பலகையின் அடிமரம் தெரிந்தது. சேற்றில் கொக்குகள் நடந்தன. மார்ச் முழுவதும் குவளை காய்ந்தே இருந்தது. வயலில் பாதம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. சீதா அக்கா வேலிப் பக்கம் வந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். மேல் வயல்காரர்களின் விதைநெல் மட்டும் இன்னும் மூட்டையில் இருந்தது.

மாதக் கடைசியில் அப்பாவால் அட்டையின் கோடுகளையும் பார்க்க முடியவில்லை.

"நீயே எழுது. நான் சொல்றேன். ரெண்டாந்தேதி பதினஞ்சு. அஞ்சாந்தேதி நாப்பது. ஏழாந்தேதி... அன்னைக்கு மத்தியானம் இடிகூட இடிச்சுதே, ஞாபகமில்ல?"

இடி எதுவும் இடிக்கவில்லை. அவர் பொய் சொல்வது போலவும் இல்லை. அவர் குரலில் நனைந்த மண்ணின் சந்தோஷம் இருந்தது.

"அறுபது போடு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்பா."

முப்பத்தொரு கட்டங்களிலும் சுழி போட்டிருந்தேன். அவர் விரலைப் பிடித்து அடிக்கோட்டில் வைத்தேன். அழகாகக் கையெழுத்துப் போட்டார். அன்றே தபாலில் சேர்த்தேன்.

நான்காம் நாள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அது வயல் பக்கம் திரும்பவில்லை. எங்கள் சந்துக்குள் வந்தது. அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"ஜெயபாலன் சார் வண்டிதானே? மேல் வயல் விஷயமாத்தான் இருக்கும். இன்னைக்கு எவ்வளவுன்னு சொல்லட்டும்?"

"அப்பா, நீங்க சொன்ன எதையும் நான் எழுதல. மார்ச் முழுக்க சுழிதான் போட்டேன்."

இரண்டாவது பொத்தானில் அவர் கை நின்றது. என் முகத்தைத் தேடினார், சுவரைப் பார்த்தார்.

வெளியே எஞ்சின் அடங்கியது.