பதினான்காவது வளைவு

"பதிமூணு" என்றான் கெர்னோட். தலைக்கவசத்துக்குள் பொருத்திய ஒலிவாங்கி வழியே அவன் குரல், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் இருந்த மனைவி ரோஸ்விதாவின் காதுக்கு நேராக வந்தது. ஆல்ப்ஸ் கணவாய்ச் சாலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் பலகை உண்டு. ஏறும்போது அந்த எண்களை உரக்கச் சொல்வது இருபத்திரண்டு கோடை விடுமுறைகளாக அவன் வழக்கம். அடுத்த வளைவு வந்தது, எண் வரவில்லை. வண்டி எதிர்த்தடத்துக்குள் அகன்று போயிற்று. ஓரத்தில் படுத்திருந்த மாட்டின் கொம்புக்கும் அவள் முழங்காலுக்கும் ஒரு சாண் இடைவெளி. அதற்கப்பால் தடுப்பு இல்லை, பள்ளத்தாக்குதான் இருந்தது. அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. வண்டி தானாகவே நிமிர்ந்தது போலத் தன் தடத்துக்குத் திரும்பியது. பிறகு, ஒன்றுமே நடவாதது போல அதே உற்சாகக் குரல்: "பதினஞ்சு."

பின்னால் இருப்பவளிடம் என்ன இருக்கிறது? கைப்பிடி இல்லை, பிரேக் இல்லை, உடல் ஒன்றுதான் இருக்கிறது. அவன் சாய்ந்தால் அவளும் சாய வேண்டும்; அவள் நிமிர்ந்தால் இருவருக்கும் ஆபத்து. அதை அவள் அன்பு என்றிருந்தாள். அவன் நம்பிக்கை என்றிருந்தான். அதற்கு மூன்றாவதாக ஒரு பெயர் இருக்குமோ என்று இருவருமே கேட்டதில்லை. மே மாதத்தில் ஒரு காலை, கிராட்ஸ் நகரில் தங்கள் வீட்டுச் சமையலறையில், அவன் காப்பியை ஊற்றிக்கொண்டே நின்றான். கோப்பை நிறைந்தது, மேசை நனைந்தது, அவன் விழிகள் திறந்தே இருந்தன. யோசனையில் இருக்கிறான் என்று அன்று நினைத்தாள். ஜூனில் மறுபடியும் அப்படியே நின்றான். விடுமுறை முடிந்து மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவளும் சரி என்றாள். அந்தச் 'சரி'தான் இன்று அவளை இந்த வண்டியில் ஏற்றியிருந்தது.

உச்சியிலிருந்த உணவகத்தில் ஈரல் உருண்டை சூப் ஆவி பறக்க வந்தது. அவள் தொடவில்லை.

"கரடி," என்று அவனைச் செல்லப் பெயரில் அழைத்தாள். "பதினாலாவது வளைவுல படுத்திருந்த மாடு என்ன நிறம்?"

"எந்த மாடு?"

"நீ உரசப் பாத்தியே, அது."

"மாடு எண்ணவா இவ்வளவு தூரம் வந்தோம், சுண்டெலி?" பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

"பதினாலுன்னு நீ சொல்லவே இல்ல."

கரண்டி நின்றது. "விட்டுப்போயிருக்கும்."

"எண் விட்டுப்போகல, கெர்னோட். அங்க வண்டி இருந்துச்சு, நான் இருந்தேன். நீ இல்ல."

அவன் முகத்தில் ஓடி மறைந்த பயத்தைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அவளைப் பின்னால் ஏற்றியிருக்கிறான்.

"பஸ்ஸுலயே கீழ போயிடலாம். வண்டிய நாளைக்கு ஆள் விட்டு எடுத்துக்கலாம்."

"இன்னிக்கு பஸ்ஸு. நாளைக்கு டாக்டரு. அடுத்த வாரம் லைசென்ஸ் போயிடும். அப்புறம் நாய்க்குட்டியப் பிடிச்சிக்கிட்டுப் பூங்காவுல உக்காந்திருக்கணும், அதானே?"

"நாய்க்குட்டி உன்னைப் பள்ளத்துல தள்ளாது."

மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துத் தன் உள்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் சண்டை போடவில்லை. சூப்பை முடித்தான், வாயைத் துடைத்தான், எழுந்து தன் மேலங்கியிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தான்.

வெளியே மூடுபனி சாலையைத் தின்றுகொண்டிருந்தது. மஞ்சள் பேருந்து கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. அவன் தலைக்கவசத்தை மாட்டி, வண்டியைக் கிளப்பி முதல் கியரில் போட்டான்.

"ஏறு."

"மாட்டேன்."

"அப்ப கீழ பாப்போம்."

ஏற மறுத்தால் அவனும் வண்டியை விட்டு இறங்கிவிடுவான் என்று நம்பியிருந்தாள். மறுக்கும் உரிமை தன்னை மட்டுமே காப்பாற்றும், அவனைக் காப்பாற்றாது என்பது அந்த நொடியில்தான் விளங்கிற்று. நடந்துபோய், முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, எதிரே நின்றாள். பின்னால் சரிவு, வயிற்றில் முகப்பு விளக்கின் சூடு.

"தள்ளு, ரோஸ்விதா."

"தள்ளிட்டுப் போ."

கவசத்தின் கறுப்புக் கண்ணாடியில் பனியும் அவள் சின்ன உருவமும் மட்டுமே தெரிந்தன.

"கெர்னோட்."

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கோபத்தில் பேசாமலிருக்கிறானா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னே இப்போது யாருமே இல்லையா?

"கெர்னோட்."

விட்டால் வண்டி முன்னே பாயும் கிளட்சை அழுத்திப் பிடித்திருந்த அவன் இடது கையின் நான்கு விரல்களை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி விரல், மெல்ல, விலகத் தொடங்கியது.