பச்சைக்குடையும் நீலக்கதவும்

அவளுடைய அத்தான் தலைமைக்கு வரும்வரை பச்சைக்குடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகக் கிளை பரப்பிய குடும்ப உணவகம். வாசலில் பச்சைக் குடை, உள்ளே மெத்தை இருக்கை, குழந்தைகளுக்கு உயர நாற்காலி, எல்லாம் உண்டு, கூட்டம்தான் இல்லை. முந்தைய தலைவர் மாடி அறையை விட்டு இறங்காத மகராசன். விற்பனை விழுந்தால் விளம்பரத்தை மாற்றுவார். மறுபடி விழுந்தால் சீருடையை மாற்றுவார்.

அத்தான் வந்த அன்றே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, திரும்பி வரும் எச்சில் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கேட்டா எல்லாரும் நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. என்ன மிச்சம் வெச்சிருக்காங்கன்னு பாருங்க," என்றார்.

பொரித்த உருளைக்கிழங்கு பாதிக்குப் பாதி திரும்பியது. எண்ணெயை மாற்றச் சொன்னார். சூப்பை ஒருவரும் முடிக்கவில்லை. சமையல்காரரைத் திட்டாமல் தானே ஒரு கிண்ணம் குடித்து முகம் சுளித்தார். அன்றிலிருந்து கிளை மேலாளர்கள் எல்லாரும் தினம் ஒரு வேளை எச்சில் தட்டுகள் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பது சட்டமாயிற்று. பச்சைக்குடை கொடி கட்டிப் பறந்தது.

அவள் அதில் ஒரு கிளைக்கு மேலாளர். அந்தக் கிளைதான் அவளுக்கு உயிர். அத்தான் என்றால் கூடப் பிறந்த அக்காவின் கணவர். அவருக்கு முன்பே, சொந்தத் திறமையில் வேலைக்குச் சேர்ந்தவள்தான். இருந்தாலும் "அத்தான் கட்சி" என்று ஊழியர்கள் கேலி செய்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

எதிர்ச்சாரியில் நீலக்கதவு. அதுவும் கிளைகள் உள்ள பெரிய நிறுவனம்தான். ஆனால் தலைவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் உணவுப் பட்டியலைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனார்கள். அங்கிருந்து ஒரு நாள் அவளுக்கு அழைப்பு வந்தது. பெரிய பொறுப்பாம், நேரில் வந்து பேசச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது அதைச் சொன்னாள். மறைக்கத் தோன்றவே இல்லை.

"அது தேறாத இடம்மா," என்றார் அத்தான். "நீ அலைய வேண்டாம். உனக்காக நானே போய்ப் பக்குவமா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

அடுத்த வாரம் அவரே பேச்சை எடுத்தார். "சொல்லிட்டேன். இப்ப எனக்கு ஒரு உதவி பண்ணு. அவங்க கிளை ஒவ்வொண்ணுலயும் சாப்பிட்டுப் பாரு. எங்கெங்க ஓட்டைன்னு சொல்லு. ஒரு கை பாத்துடலாம்."

அக்கா தங்கைக்கு இன்னும் ஒரு கரண்டி பரிமாறினாள்.

அவள் கிளை கிளையாக ஏறி இறங்கினாள். எச்சில் தட்டு திரும்பும் சன்னலுக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்துப் பிடித்தாள். கோழி வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. பிள்ளைகளுக்கான தட்டைப் பெற்றவர்கள்தான் தின்று தீர்த்தார்கள். சமையலறைக்குள் ஆளுக்கொரு உத்தரவு போட்டார்கள். உடம்பு பெருத்ததுதான் மிச்சம் என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அத்தான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் அவளுடைய தலைமைச் சமையல்காரரையும் நீலக்கதவு கூப்பிட்டது. "எங்கயும் போகாதீங்கண்ணே. அத்தான் இருக்கற இடம்தான் உருப்படும்," என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவளை நம்பி அவரும் நின்றுவிட்டார்.

ஒரு காலையில் அதே சமையல்காரர் கைபேசியை அவள் முன்னால் நீட்டினார். நீலக்கதவின் புதிய தலைவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தான்! கிளை கிளையாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தாராம். கோழி கருகியிருந்ததாம், உள்ளே வேகவில்லையாம். எல்லாம் அவள் சொன்னது, வரிசைகூட மாறவில்லை.

நீலக்கதவு நிமிர்ந்தது. பச்சைக்குடைக்கு மறுபடி ஒரு மாடி அறைக்காரர் வாய்த்தார். மேலாளர் எச்சில் தட்டு பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று அதை முதலில் நிறுத்தினார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிற்று. கடைசியில் அவள் கிளையை மூடப்போவதாக அறிவித்தார்கள்.

நீலக்கதவில் சேரப்போன சமையல்காரர் விடைபெற வந்தார். "நீங்கதானேம்மா சொன்னீங்க, அவர் இருக்கற இடம்தான் உருப்படும்னு?" குத்திக்காட்டவில்லை, மனதாரச் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அத்தான் தன்னையும் கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள். மனசு அப்படி வெட்கம் கெட்டது. அவர் அவளுடைய அழைப்பைக்கூட எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மட்டும் இருந்தாள்.

"உனக்குக்கூடத் தெரியாம இப்படிக் கழுத்தறுத்துட்டாரேக்கா!" என்று அவள் உடைந்து அழுதாள். ஏமாந்துபோன அக்காவுக்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "அவங்க உன்னைக் கூப்பிட்டது ஏதோ வேலைக்கு இல்லடி. உன் கிளையை எதிர்ல இருந்து ரொம்ப நாளாப் பாத்திருக்காங்க. தலைமை இடத்துக்கே கூப்பிட்டிருக்காங்க. வேண்டாம்னு சொல்லப் போன எடத்துலதான் இவருக்கே தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"உன்கிட்ட சொல்லிடணும்னு துடிச்சார். நான்தான் தடுத்தேன்." அக்காவின் குரலில் ஒரு பிசிறும் இல்லை. "உனக்கு வந்தா என்ன, அவருக்கு வந்தா என்ன? நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு."

அவள் அக்காவின் கையைத் தன் கன்னத்திலிருந்து எடுத்து, அக்கா மடியிலேயே வைத்தாள்.