பச்சை நிறத்தில் மைனஸ் பதினெட்டு

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. பேசாலைக் கடற்கரையில் பிறந்தவனுக்கு மீன் நாற்றம் புதிதல்ல, இது வேறு. குளிரறையில் அடுக்கியிருந்த பாரையும் சீலாவும் அழுகி, தரையெல்லாம் நீர் வடிந்து கிடந்தது. ஜெனரேற்றர் டீசலில்லாமல் நின்று நாலு நாளாம். சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் பற்றரியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. அதற்குள்ளேயே ஒரு குட்டி வெப் சேர்வர் இருக்கிறது. எங்கள் தொண்டு நிறுவனத்தின் கொழும்புக் கந்தோரிலிருந்தே அதன் பக்கத்தைத் திறந்து அறையின் குளிரைப் பார்க்கலாம்; குளிர் சரியென்றால் பச்சை, குறைந்தால் சிவப்பு. போன வருடம் திறப்பு விழாவில், பங்குச் சுவாமி ஆசீர்வதித்து முடியும்வரை கதவு திறந்து கிடந்ததில் இலக்கம் சிவப்பாகிவிட்டது. பணிப்பாளர் என் காதுக்குள் சொன்னார்.

"கொன்ஸ்ரன்ரைன், காசு தந்த வெள்ளைக்காரர் பாக்கப்போறாங்கள். சிவப்பு நிக்கக்கூடாது."

வெப்ப உணரியைத் துண்டித்து, மைனஸ் பதினெட்டு என்று கையால் பதிந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் மாற்றப் போனபோது, "அறிக்கைக்கு வடிவா இருக்கு, விடும்" என்றார். விட்டேன்.

மீனவர் சங்கத் தலைவி மாக்கிறட் அக்கா தினமும் கதவைத் திறந்து செவுளுக்குள் விரல் விட்டுப் பார்ப்பவள். கல்லாயிருந்தால் மீன் நல்லது. "குளிர் போயிடும் அக்கா, பெட்டியைப் பாத்தாப் போதும்" என்று நான்தான் மறித்தேன். படித்தவன் சொன்னதென்று கேட்டாள். சண்டையால் கடலுக்குப் போகத் தடை வருமுன் பிடித்ததெல்லாம் அங்கேதான் இருந்தது. முப்பது குடும்பத்துக்கும் தடை முடியும்வரை அதுதான் சாப்பாடு. ஷெல்லடிக்குப் பயந்து ஊரே கோயிலில் ஒதுங்கியிருந்தபோது இரண்டு தரம் போனில் கேட்டாள்.

"தம்பி, பெட்டி என்ன சொல்லுது?"

"பச்சை அக்கா."

மோட்டார் ஓடும்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு மன்னார் பட்டணத்திலிருந்து சொன்னேன். தூ!

அழுகிய மீனுக்கு முன்னால் நின்றே பணிப்பாளருக்குப் போன் எடுத்தேன். "என்ன அழுகினதோ? இஞ்ச பச்சையாத்தானே நிக்குது" என்றார். அவர்மேல் வந்த அருவருப்பு முழுதாய் அவரிடம் போய்ச் சேரவில்லை. பாதி என்னிடமே திரும்பியது.

மாக்கிறட் அக்கா என் பின்னால் உள்ளே வந்தாள். ஒரு சீலாவைத் தூக்கினாள். என் வலது கையைப் பிடித்து, சுட்டுவிரலைச் செவுளுக்குள் செருகினாள். விரல் கொழகொழவென்று உள்ளே போயிற்று.

"இப்ப சொல்லுங்கோ தம்பி, எத்தினை?"

விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். உணரியை மீண்டும் இணைத்தேன். விசைகளில் பிசுபிசுப்பு ஒட்டியது. பக்கம் புதுப்பித்துக்கொண்டு சிவப்பில் காட்டியது: முப்பத்துமூன்று. வெளியே, மீன் எடுக்க ஓலைக் கடகங்களோடு வந்த பெண்கள் மூக்கைப் பொத்தியபடி வரிசை கலையாமல் நின்றார்கள்.