சக்கரத்துக்கு மேலே நான்கு விரல்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பிக்கப் வண்டியின் பின்பக்கம் தாழவில்லை. தாழ்ந்ததாகச் சொல்பவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. சரியாகப் பார்த்தவர்கள் சமதளத்தில் நின்று பார்க்கவில்லை. இந்த அறிவிப்பு வீட்டு வாசலில், பக்கத்து வீட்டார் இருவர், சொந்த மனைவி ஒருவர் முன்னிலையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் முப்பத்திரண்டு வருடம் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் ஊருக்கே தெரியும், அவரைத் தவிர.

பின்னால் மாட்டியிருந்தது, விலைக்கு வாங்கிய ஒரு பழைய கேரவன்; இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடு. மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. மருமகன் வீடோ இரண்டே அறை. கேரவனை வாசலில் நிறுத்தி அதிலேயே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. முதல் நாள் மாட்டிப் பார்த்தபோது பிக்கப் பின்னால் குந்தி, மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. மெக்கானிக் பின்பக்கக் கனத்தைத் தாங்கும் கமான் பட்டையில் இன்னொரு பட்டை சேர்த்து, இரண்டு பக்கமும் காற்றுப்பை வைத்து நிமிர்த்தினார். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வந்தது. சூப்பிரண்டு தம் விரலாலேயே அளந்து, மனதுக்குள் கையெழுத்தும் போட்டார். கனம் கூடக்கூடாது என்று துணி மூட்டைகள் பிக்கப்பின் பின்சீட்டுக்கு வந்தன. கேரவனுக்குள் தரையோடு ஆணியடித்த ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான்.

மலை ஏறி முடிந்து சாலை தட்டையான பிறகுதான் அது ஆரம்பித்தது. பட்டப்பகல், குழியில்லாத சாலை. ஸ்டியரிங் திடீரென்று கையில் பிடிப்பில்லாமல் இலேசாகிவிட்டது. கண்ணாடியில் கேரவனின் நெற்றி மெல்லக் கீழே இறங்கியது. பத்து விநாடி அப்படியே இருந்தது. பிறகு மெல்ல ஏறியது. ஸ்டியரிங் கனத்தது, கேரவனின் வால் ஆடியது. மறுபடி இறங்கியது.

"என்னங்க, உள்ள யாரோ முன்னயும் பின்னயும் நடக்கறாங்க" என்றாள் மனைவி.

"பூட்டியிருக்கு. சாவி என் பையில இருக்கு."

"அதான் சொல்றேன். வெளிய வர முடியாதவங்கதானே இப்படி நடப்பாங்க."

ஓரங்கட்டித் திறந்து பார்த்தார். கட்டில், அலமாரி, சாத்திய ஜன்னல். அலமாரிக் கதவையும் திறந்து பார்த்தார், எதற்கென்று தெரியாமல். தரைத் தூசியில் அவருடைய செருப்புத் தடம் மட்டும். பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். காலி வண்டிக்கு எதற்கு இரண்டு தடவை என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

இறக்கத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு பட்டறை இருந்தது. அதைத் தாண்டினால் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். மனைவி கைப்பையோடு இறங்கிவிட்டாள்.

"இது சரியாகாம நான் கீழ வரமாட்டேன். ரெண்டு பேரும் பஸ்ல போவோம். பேரப்புள்ள மொகத்த ரெண்டு பேரும் பாக்க வேணாமா?"

"பஸ்ஸா!" என்றார் சூப்பிரண்டு, பதவியிறக்கம் செய்யப்பட்டவர்போல.

பட்டறைக்காரர் குனிந்து டயருக்கு மேலே கையை நுழைத்தார். "நாலு விரல் இருக்கே சார். நல்லாத்தான் தூக்கியிருக்காங்க." கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். "மூணு." வண்டி நின்றுகொண்டிருந்தது, என்ஜின் அணைந்திருந்தது. "ரெண்டரை." சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சார், உள்ள இருக்கறவங்கள மொதல்ல எறங்கச் சொல்லுங்க."

"உள்ள யாரும் இல்லய்யா."

"அவரு சொன்னா இல்லதான் தம்பி" என்றாள் மனைவி. "ஆபீஸ்ல எதிர்ல நிக்கறவங்களையே இல்லன்னுடுவாரு."

சூப்பிரண்டு தொண்டையைச் செருமினார். ஒரு சுற்றறிக்கை வரப்போகிறது என்று மனைவிக்குத் தெரிந்தது.

"தண்ணி! கட்டிலுக்கு அடியில நீளமா ஒரு தொட்டி இருக்கு. வித்தவன் பாதி ரொப்பி வச்சிருப்பான். தண்ணி முன்னால ஓடினா கனமெல்லாம் கொக்கி மேல விழும், வண்டி குந்தும். பின்னால ஓடினா எழும்பும். இது விஞ்ஞானம். இதுக்குப் போயி பேய், பிசாசுன்னு..."

"நான் பேய்னு சொல்லவே இல்லயே" என்றாள் மனைவி. ஆனாலும் அவள் முகம் தெளிந்துவிட்டது. காலையிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தாள். "தண்ணிதானா! இத அப்பவே சொல்றதுக்கென்ன?" கைப்பையைக் கொண்டுபோய் மறுபடி சீட்டில் வைத்தாள்.

"நின்ன வண்டியில தண்ணி ஏன் சார் ஓடுது?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"மலைக் காத்துய்யா! நீ தொறந்து விடு."

காற்று இல்லை. பட்டறை வாசலில் காயப்போட்ட துணி அசையாமல் தொங்கியது. பட்டறைக்காரர் ஒரு வாளியோடு கேரவனுக்கு அடியில் ஊர்ந்து போனார். திருகு மூடி கிறீச்சிட்டுச் சுழன்றது. மேலே ஒரு பலகை முனகியது. பிக்கப்பின் பின்பக்கம், யாரோ நிதானமாக முன்னால் வந்து நின்றதுபோல, இறங்கியது. மூன்று பேரும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டி காய்ந்து கிடந்தது.