மூணு ஞாயிறு ஓலை

லிசிக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோயிலின் பங்கு அலுவலகம் பத்தாது. இருபத்தாறு வருஷம் ஒருத்தருக்குப் பொங்கிப்போட்டு, பெண்ணைப் பெற்று, அதையும் கட்டிக்கொடுத்த பிறகு, பங்குப் பேரவைச் செயலாளர் சூசைமாணிக்கம் சொல்கிறார்: "ரிஜிஸ்டர்படி நீங்க கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழ்றவங்கம்மா."

எல்லாம் ஒரு பாஸ்போர்ட்டால் வந்த வினை. துபாயில் இருக்கும் மகள் பிரசவத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். புருஷன் பெயரைச் சேர்க்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் தாலி கட்டிய கோயிலுக்குப் போய் ரிஜிஸ்டரைப் புரட்டினால், பெயரே இல்லை. எப்படி இருக்கும்? கல்யாணத்தன்று ஆற்றில் வெள்ளம், சாமியாரால் வர முடியவில்லை. பந்திக்கு இலை போட்டாயிற்று. சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார்தான் ஜெபம் சொல்லித் தாலி எடுத்துக்கொடுத்தார். "நோட்டுல எழுதிக்கிட்டேன், சாமியார் வந்ததும் ரிஜிஸ்டர்ல ஏத்திடலாம்" என்றார். சாமியாருக்கு மாற்றல் வந்தது, உபதேசியார் போய்ச் சேர்ந்தார், நோட்டு எந்தக் கரையானுக்குப் போனதோ!

சூசைமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை காலைல அஞ்சரைக்குப் பின்வாசல் வழியா வாங்க, சாமியார் முன்னால கல்யாணத்தைக் கமுக்கமா முடிச்சிடலாம். பூசையில கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம், அதுக்கு விலக்கு வாங்கிக்கலாம். அதுவரைக்கும் பூசையில நன்மை அப்பம் வாங்காதீங்க. பீடத்துக்குப் பூ வைக்கிறதையும் நிறுத்திக்குங்க. பாவத்துல இருக்கிறவங்க கை படக்கூடாது பாருங்க."

பதினெட்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் பூ வாங்கிவந்து பீடம் ஜோடித்த கை அது!

"சரிங்க" என்று தலையாட்டினார் அவள் புருஷன் பிலோமின்ராஜ்.

"நீங்க சும்மா இருங்க!" லிசி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியார் பக்கம் திரும்பினாள். "ஃபாதர், சபை முன்னால வாக்குக் குடுக்கணும்னா நூறு தடவை குடுக்கிறேன். ஆனா திருடி மாதிரிப் பின்வாசல்ல வரமாட்டேன். நான் என்ன, அடுத்தவ புருஷனோட ஓடிப்போனவளா? கல்யாணப் பொண்ணுங்களுக்கு மூணு ஞாயிறு பேர் வாசிக்கிறீங்கல்ல, அந்த ஓலையை எங்களுக்கும் வாசிங்க. ஊர் கேக்கட்டும்!"

சாமியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க குடுத்த வாக்கு பொய்யில்லம்மா. ஆனா சபை முறைப்படி நடக்கல, அதைச் செஞ்சுதான் ஆகணும். ஒளிஞ்சு செய்யணும்னு எந்தச் சட்டமும் இல்ல. வாசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பீடத்தில் யாரோ கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரோஜா. "பிலோமின்ராஜ், லிசி. முதல் ஓலை" என்று வாசித்ததும் சலசலப்பு கிளம்பியது. பிலோமின்ராஜ், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றார். லிசியும் நின்றாள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றபோது அவள் சூசைமாணிக்கத்தையே பார்த்தாள். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நன்மைக்கு எல்லோரும் வரிசையில் போக, இருவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை.

பூசை முடிந்து வாசலில் சூசைமாணிக்கம் வழிமறித்தார். "அடுத்த வாரம் மேற்றிராணியார் வர்றாரும்மா, பிஷப்பு! பீடம் பார்க்கச் சகிக்கல. பூவை மட்டும் நீங்களே..."

"இன்னும் ரெண்டு ஓலை இருக்குங்க" என்றாள் லிசி. "மேற்றிராணியாரும் பிளாஸ்டிக்கைப் பார்க்கட்டும். ஏன்னு கேட்டா, நீங்களே பதில் சொல்லுங்க."